பக்கத்தில் நடந்த நாள்

அருமைராசா எப்போதும் முன்னால்தான் நடப்பார். பூசை முடிந்து கோவிலிலிருந்து காருக்குப் போகும்போதும், கடையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போதும், கலியாண மண்டபத்துக்குள் நுழையும்போதும் அவருடைய முதுகு முன்னே போகும். நாலடி பின்னால் நிரஞ்சனி போவாள். முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து அந்த முதுகு அவளுக்கு மனப்பாடம். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மொன்றியலின் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வருடக்கணக்காகப் பெட்டி தூக்கி இறங்கிய தோள் அது. கோபம் வந்தால் கழுத்து உள்ளே போய்விடும். மனம் நிறைந்திருந்தால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட முதுகைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டது அதிகம்.

கலியாணமான புதிதில், "கொஞ்சம் மெதுவாப் போங்கோவன்," என்று சொல்லிப் பார்த்தாள்.

"மெதுவாத்தானே போறன்," என்பார்.

அதோடு விட்டுவிட்டாள். இதெல்லாம் ஒரு குறையா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். அவள் கார்தரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போன காலம் முழுவதும், விடியமுன் எழும்பி அவளுடைய கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் தன்னுடைய காரில் கை வைப்பார். பிள்ளைகள் இருவரும் படித்து டொரண்டோவுக்குப் போய்விட்டார்கள். கர்க்லாண்ட் வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த நாலடி தூரம் அப்படியே இருந்தது. அவளுக்கு அது வலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே ஒரு நாள், அவர் பக்கத்தில் நடந்ததை அவள் கண்டிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை காலை, சுவிசிலிருந்து வந்திருந்த, நிரஞ்சனியின் தம்பி மகள் ஜெயனி தொப்பியையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். கொம்பனி வேலையாக ஒரு கிழமை மொன்றியலுக்கு வந்தவள், மாமி வீட்டில் தங்கியிருந்தாள். தம்பி லுசேர்னில் குடியேறியது தற்செயல்தான். நிரஞ்சனி ஒரு பகல் மட்டும் பார்த்த ஊர் அது. தம்பி கூப்பிடாத வருடம் இல்லை. லீவு இல்லை, பிள்ளைக்குச் சோதனை, முழங்கால் நோகுது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டுச் சொல்லி அவள் போகாமலே இருந்தாள்.

"இண்டைக்கு என்னை டூரிஸ்ட் மாதிரிக் கூட்டிக்கொண்டு போகவேணும் மாமி," என்றாள் ஜெயனி. "ஒருத்தரின்ர வீட்டுக்கும் சாப்பிடப் போறேல்லை. வந்து நாலு நாளா மற்றாக்களின்ர புட்டும் இறைச்சிக்கறியும்தான் பாக்கிறன்."

"அதுவும் பாக்கிற இடந்தான்," என்றார் அருமைராசா. "இஞ்ச வாற சனத்துக்கு நாங்கள் முதல் ஓரட்டரிக் கோவிலைக் காட்டுவம். பிறகு நல்ல இறால் விக்கிற கடையைக் காட்டுவம். பிறகு இமெல்டா அக்கா வீடு. அதோட மொன்றியல் முடிஞ்சுது."

காரைக் கோட்-வெர்ட்டு ஸ்டேசனில் விட்டுவிட்டு மெட்ரோவில் பிளாஸ்-டார்முக்குப் போனார்கள். படியேறி வெளியே வந்ததும் ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிர், வெயிலும் இருந்தது. அப்படியான நாளில் வானம் கழுவித் துடைத்ததுபோல நீலமாக இருக்கும். மூக்குக்குள் மயிர் விறைக்கும்.

பெரிய நோத்ர-டாம் தேவாலயத்துக்குள் ஜெயனி கழுத்து நோக நோக நீலக் கூரையையும் பொன் நட்சத்திரங்களையும் பார்த்தாள். நிரஞ்சனி முழந்தாளிட்டு ஒரு செபம் சொன்னாள். அருமைராசா பின்வரிசை வாங்கிலில் இருந்து, எந்தக் குழாயால் சூடு வருகிறது என்று ஆராய்ந்தார். வெளியே வந்து சென்-போல் தெருவில் இறங்கியபோது வழக்கப்படி அவர் முதுகு முன்னே போயிற்று. தெருவில் பதித்த பழைய கற்களின் இடுக்கெல்லாம் பனி இறுகியிருந்தது.

"மாமா," என்று ஜெயனி கூப்பிட்டாள், "ஏன் மாமியை விட்டிட்டு ஓடுறீங்கள்?"

"ஆர் ஓடுறது? வழுக்குதோ எண்டு பாக்கிறன். முன்னுக்குப் போறவன் விழுந்தா பின்னுக்கு வாற ஆள் தப்பலாம்."

"நீங்கள் விழுந்தா?"

"அப்ப உங்கட மாமி என்ர மேல விழுவா. அவவுக்கு நோகாது."

ஜெயனி சிரித்தாள். நிரஞ்சனியும் சிரித்தாள். இந்த மனிதருக்கு எதையும் பகிடியாக்கத் தெரியும். முப்பது வருடமாகக் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் வீடுகளிலும் அவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

தெருவின் அந்தத்தில் கப்பலோட்டிகளின் சிறிய தேவாலயம் இருந்தது. அதன் கூரையிலிருந்து சின்னச் சின்ன மரக்கப்பல்கள் தொங்கின. கடலில் தப்பிப் பிழைத்தவர்கள் நன்றிக்காகக் கொடுத்தவை என்று ஜெயனி தன் போனைப் பார்த்து வாசித்தாள். உள்ளே மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். நிரஞ்சனி கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிலில் இருந்தாள். விறைத்த விரல்களுக்குச் சூடு திரும்பும்போது ஊசியால் குத்துவதுபோல இருந்தது. அந்தக் குத்தலோடு லுசேர்ன் வந்தது. வெளியே குளிர், உள்ளே பழைய மரத்தின் வாசம், குத்துகிற விரல்கள். அன்றைக்கும் அப்படித்தான், ஆற்றங்கரையிலிருந்த பெரிய வெள்ளைத் தேவாலயத்துக்குள் சூட்டுக்காக ஒதுங்கியிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, தை மாதம். சூரிச்சுக்கு வெளியே ஒரு மாடிவீட்டின் இரண்டு அறைகளில், கனடாவுக்குப் போகவென்று வந்தவர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கீழ்வீட்டுக் கிழவி சத்தம் தாங்காமல் பொலிசைக் கூப்பிடப் போவதாக வெருட்டியிருந்தாள். அதனால் ஒருநாள் பகல் வீடு வெறுமையாக இருக்கவேண்டும் என்று அவர்களைக் கனடாவுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் முடிவெடுத்தார். எல்லாரையும் சோடி சோடியாகப் பிரித்து வேறுவேறு ஊருக்கு றெயில் ஏற்றினார். குருநகர் நிரஞ்சனிக்கும் பேசாலை அருமைராசாவுக்கும் ஒரு புருசன் பெண்சாதிப் பாஸ்போட் தயாராகிக்கொண்டிருந்தது. அதில்தான் அடுத்த கிழமை இருவரும் பறக்கவேண்டும். அதனால் இருவரையும் ஒன்றாக லுசேர்னுக்கு அனுப்பினார். அதுவரை அவர்கள் இருவரும் பேசியது, குளியலறையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

ஏஜென்சிக்காரர் வாசலில் வைத்துப் பாடம் எடுத்தார். "எங்கட சனத்தைப் பொலிஸ் என்னெண்டு பிடிக்கிறான் தெரியுமோ? நடையில. ஆம்பிளை முன்னுக்கு, பொம்பிளை பின்னுக்கு. வெள்ளையள் பக்கத்தில பக்கத்தில போவினம். நீங்களும் அப்பிடிப் போங்கோ. நிலத்தைப் பாக்காதேங்கோ. டூரிஸ்ட் மேலதான் பாப்பான். சிரியுங்கோ. படம் எடுங்கோ." ஒரு கமராவை அருமைராசாவின் கழுத்தில் மாட்டிவிட்டார். இருவருக்கும் யாரோ போட்டுக் கழித்த கோட். ஏதும் நடந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லி, போனுக்குப் போடுவதற்குச் சில்லறை கொடுத்தார்.

முதல் மணித்தியாலம் நிரஞ்சனியின் கால்கள் தாமாகவே பின்தங்கின. அவர் நிற்பார். கட்டடம் பார்க்கிறவர்போல அண்ணாந்துகொண்டு, அவள் பக்கத்தில் வரும்வரைக்கும் நிற்பார். வந்ததும் உதடு அசையாமல், "பொலிஸ் பாக்குது," என்பார். பொலிஸ் எங்கும் இல்லை. மத்தியானம் ஆனபோது அது விளையாட்டாகிவிட்டது. ஏரியில் அன்னங்கள் கழுத்தை நீட்டினால், "பொலிஸ் பாக்குது." கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைக்கும் அதுதான். அவள் சிரித்தாள். சிரிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அது அவர்கள் சொன்ன சிரிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கூரை போட்ட பழைய மரப்பாலத்தில் நடந்தார்கள். கூரைக்குக் கீழே முக்கோணப் பலகைகளில் யார் யாரோ ராசாக்களும் குதிரைகளும் வரையப்பட்டிருந்தன. ஒவ்வொரு தூணிலும் அவளை நிறுத்தி அவர் படம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டாள். பாறையில் செதுக்கிய சாகக் கிடக்கும் சிங்கத்தைப் பார்த்தபோது அவர் சொன்னார்: "எங்கட நாட்டுக் கொடியில சிங்கம் கையில வாளோட நிக்குது. இதுக்குப் பாவம், ஆரோ குத்திப்போட்டாங்கள்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பொழுது சாயும் நேரம் ஸ்டேசனுக்குத் திரும்பும் வழியில் ஒரு சின்னக் கொட்டிலில் ஒருவன் எதையோ சுட்டுக்கொண்டிருந்தான். அந்த வாசத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"பலாக்கொட்டை சுடுறாங்கள்," என்றாள்.

அவர் கொட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்தார்.

"அது போன் காசெல்லோ?"

"ஓம்."

"ஏதும் நடந்தா?"

"நடக்காது," என்றார்.

சூடான கடதாசிப் பையைத் தன் கோட்டின் ஆழமான பைக்குள் வைத்தார். அவளுடைய கையையும் அதற்குள் வைக்கச் சொன்னார். இருவரிடமும் கையுறை இல்லை. இரண்டு கையும் ஒரே பைக்குள் சூடு காய, பாலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கும், பிறகு அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்கும் நடந்தார்கள். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார்கள். பலாக்கொட்டையைவிட அது இனித்தது. ஆனாலும் அது பலாக்கொட்டைதான் என்று இருவரும் சாதித்தார்கள். கையை எடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பிறகு மொன்றியலின் மிராபெல் விமான நிலையம். அகதி என்று சொல்லிப் பதிந்தது. அவள் கோட்-டெ-நெய்ஜில் ஒன்றுவிட்ட அக்கா இமெல்டாவின் வீட்டுக்குப் போனாள். அவர் நண்பர்களோடு ஒரு நிலவறை வீட்டுக்குப் போனார். ஞாயிறு பூசையில் தூரத்தில் கண்டால் தலையாட்டுவார். அந்த ஆவணி மாதம் லுசேர்ன் பாலம் எரிந்ததை இமெல்டா வீட்டு ரிவியில் பார்த்தபோது நிரஞ்சனி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு சனம் கதைக்கத் தொடங்கியது. "பேப்பரில புருசன் எண்டு வந்தவனை விட்டிட்டு வேற ஆரைக் கட்டப்போறாய்?" என்று இமெல்டா கேட்டாள். அவரிடமும் யாரோ போய்க் கேட்டார்கள். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை," என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது.

எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த வசனத்தை நிரஞ்சனி எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். விருப்பம் என்று அதில் எங்கும் இல்லை. கலியாணத்தன்று கோவில் வாசலால் இறங்கும்போது அவர் முதுகு முன்னே போயிற்று. அன்றைக்கே அவளுக்குள் ஒரு கேள்வி விழுந்தது. லுசேர்னில் பக்கத்தில் நடந்த மனிதர் யார்? நடை, சிரிப்பு, படம் எல்லாம் ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொடுத்தவை. சொல்லிக்கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொட்டை. போனுக்குக் கொடுத்த காசை அதில் செலவழிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாளை உண்மை என்று வைத்திருந்தாள்.

"மாமி, பசிக்குது," என்று ஜெயனி தோளைத் தொட்டாள்.

தேவாலயத்துக்கு எதிரே ஒரு சின்னக் கபேயில் சூப்பும் பாணும் எடுத்துக்கொண்டு இருந்தார்கள். கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது.

"உண்மையைச் சொல்லுறன், நீங்கள் ரெண்டுபேரும் டூரிஸ்ட்டா இருக்கச் சரிவரமாட்டீங்கள்," என்றாள் ஜெயனி. "ஒரு படமும் எடுக்கேல்லை. மேல பாக்கவும் இல்லை."

"ஆருக்குச் சொல்லுறாய்? நாங்கள் அந்த வேலையை முறையாப் படிச்ச ஆக்கள். அதுவும் உங்கட ஊரில." அருமைராசா கரண்டியை வைத்தார். "கொப்பா சொல்லேல்லையோ?"

நிரஞ்சனிக்கு அடுத்த வசனம் தெரியும். அந்தக் கதை எங்கே தொடங்கும், எங்கே நிற்கும், எந்த இடத்தில் சனம் சிரிக்கும் எல்லாம் தெரியும். கீழ்வீட்டுக் கிழவி வந்தாள். ஏஜென்சிக்காரரின் நடைப் பாடம் வந்தது. அவர் எழும்பி நின்று ஏஜென்சிக்காரர்போல நடந்தும் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த பெண்ணும் புன்னகைத்தாள்.

"எனக்கெண்டா கால் ரெண்டும் இல்லை. சப்பாத்துக்குள்ள தண்ணி. ஏரியாவது மலையாவது, எப்ப இருட்டும் எப்ப வீட்டை போவம் எண்டுதான் பாத்துக்கொண்டு நிக்கிறன். இவ என்னடா எண்டா, படத்துக்கு நிக்கிறா. ஒவ்வொரு படத்துக்கும் தலைமயிரைச் சரிபண்ணுறா. ஒருக்காப் பக்கவாட்டா, ஒருக்கா நேர. நானும் கிளிக், கிளிக் எண்டு அமத்துறன்." அவர் நிறுத்தினார். எப்போதும் இங்கேதான் நிறுத்துவார். "கமராவுக்குள்ள பிலிமே இல்லை."

ஜெயனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமி, உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது," என்றாள் நிரஞ்சனி. "இஞ்ச வந்து கன நாளைக்குப் பிறகுதான் கேட்டனான், படங்களைக் கழுவிப்போட்டீங்களோ எண்டு."

"அய்யோ பாவம் மாமி."

"பாவம் நான்," என்றார் அருமைராசா. "இவவின்ர மூஞ்சையைப் பாத்துப் பொய் சொல்லிக்கொண்டு நிண்டது நான்."

எல்லாரும் சிரிக்கிற இடத்தில் நிரஞ்சனியும் சிரித்தாள். அது பழகிப்போன சிரிப்பு. இந்தக் கதையை அவர் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் பிலிம் இல்லை என்ற இடத்துக்குப் பிறகு அவள் காத்திருப்பாள். கொட்டிலும் சில்லறையும் வருமா என்று பார்ப்பாள். ஒருமுறையும் வந்ததில்லை. கதைக்குத் தேவையில்லை என்று விடுகிறார்போல என்று ஒவ்வொரு முறையும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள்.

"பின்ன நீங்கள் மரோனி சாப்பிடேல்லையோ?" என்றாள் ஜெயனி.

நிரஞ்சனியின் கை கோப்பையில் அப்படியே நின்றது.

"அதென்ன?"

"ஒரு கொட்டை மாமா. சுட்டு விப்பினம். குளிர் நாளில ஸ்டேசன் பக்கத்தில எப்பவும் ஒரு கொட்டில் இருக்கும். அம்மா சொல்லுவா, பலாக்கொட்டை மாதிரி எண்டு."

அருமைராசா பாணைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தார். "கொட்டையோ? இல்லையே. அப்ப எங்கட நிலைமைக்குக் கொட்டை வாங்கித் தின்னுற எண்ணமோ வரும்?"

அவ்வளவுதான். ஜெயனி வேறு எதையோ கேட்கத் தொடங்கினாள். நிரஞ்சனி சூப்பைக் குடித்தாள். சூடு தொண்டையால் இறங்குவது தெரிந்தது, ருசி தெரியவில்லை.

இத்தனை வருடமும் அவர் சொல்லாமல் விட்டதற்கு அவள் ஏதாவது ஒரு நியாயம் கண்டுபிடிப்பாள். இன்றைக்கு நேரே கேட்டார்கள். பேரும் சொல்லி, கொட்டிலும் சொல்லி, பலாக்கொட்டை என்றும் சொல்லிக் கேட்டார்கள். இல்லையென்றார். அவளுக்கு ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. வாங்கினனாங்கள், போன் காசில. சொன்னால் அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்பிடியோ?" என்பார். அந்த "அப்பிடியோ"வைக் கேட்டபிறகு அவள் எங்கே போவாள்? பிறகு அதைவிட மோசமான ஒரு நினைப்பு வந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லையோ? நினைவில் போய்ப் போய்ப் பார்த்த இடத்தில் தானே ஒரு கொட்டிலைக் கட்டி, நெருப்பு மூட்டி, தானே அவர் பைக்குள் தன் கையை வைத்துவிட்டாளோ? நகத்துக்குள் கரி அடைந்திருந்ததும், றெயிலில் அதை ஊசியால் கிண்டி எடுத்ததும் நினைவில் இருந்தது. நகத்தைப் பார்த்தாள். கார்தரிப் பிள்ளைகளின் களிமண்ணையும் சாயத்தையும் கண்ட, கட்டையாக வெட்டிய நகங்கள்.

பழைய துறைமுகத்துக்குப் போனபோது பின்னேரம் ஆகிவிட்டது. ஆறு கரையோரம் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. உடைந்த பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"எங்கட ஏரி இப்பிடி உறையாது," என்றாள் ஜெயனி. "நான் ஓடிப்போய் அந்த மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட நிண்டு படம் எடுக்கிறன். நீங்கள் மெதுவா வாங்கோ." அவள் பனியில் சறுக்குகிற மாதிரி ஓடிப்போனாள்.

இருவரும் தனித்து நடந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். அவருடைய கைகள் பின்னால் கட்டியிருந்தன. மனம் நிறைந்திருக்கிறது என்று முதுகு சொன்னது. நல்ல சூப், நல்ல கதை, நல்லாய்ச் சிரித்த பிள்ளை. நிரஞ்சனி நின்றாள். அவள் நின்றது அவருக்குத் தெரியவில்லை. நாலடி பத்தடியாயிற்று. பத்தடி இன்னும் நீண்டது. இப்படியே நின்றால் எங்கே போய்த் திரும்பிப் பார்ப்பார் என்று அவள் நினைத்தாள். கோபம் இல்லை. சுகமில்லாத ஒருவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நிற்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு களைப்பு. சரி, பாலமும் எரிந்துதானே போனது. இப்போது அங்கே இருப்பது திரும்பக் கட்டியது. அதில் நடக்கிற சனம் அதையே பழைய பாலம் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கரைத் தெருவால் ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்தது. உள்ளே இருந்த இளம் பொலிஸ்காரன் கோப்பி குடித்துக்கொண்டு, பனிக்குள் தனியே நின்ற பெண்ணைச் சும்மா ஒரு பார்வை பார்த்தான்.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள். "பொலிஸ் பாக்குது."

காற்று ஆற்றுப் பக்கமிருந்து அவர் பக்கமாக அடித்தது. அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று அவள் நினைக்குமுன் அந்த முதுகு நின்றது. பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. கொஞ்ச நேரம் அவர் திரும்பவில்லை. அண்ணாந்து மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தார். கட்டடம் பார்க்க வந்தவர்போல, அதன் வெள்ளைச் சுவரையும் முகட்டையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவள் நடந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் பக்கத்துக்கு வந்து, தோளுக்குத் தோள் வந்தபிறகு, உதடு அசையாமல் சொன்னார்:

"நிலத்தைப் பாக்காதையும். மேல பாரும்."

அவள் மேலே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் குளிரில் எல்லாருக்கும் முட்டும்.

பொலிஸ் கார் போய்விட்டது. அருமைராசா பல்லால் கடித்து வலது கையுறையைக் கழற்றினார். கோட்டின் பையை விரல்களால் அகட்டிப் பிடித்தார். அவளும் தன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். கார்த் திறப்புக் கொத்து, கசங்கிய ரிசுத் தாள், மெட்ரோக் காட். பிறகு அவருடைய கை, பெட்டி தூக்கிக் காய்ச்சுப்போன கை.

"உள்ளுக்க பலாக்கொட்டை ஒண்டும் இல்லை," என்றார்.

ஆற்றில் ஒரு பனிக்கட்டி இன்னொன்றின் மேல் ஏறி முறிந்தது. நிரஞ்சனி அவர் பக்கம் திரும்பினாள்.

"அவள் கேட்டவளெல்லோ. ஏன் இல்லையெண்டனீங்கள்?"

அவர் தோளைக் குலுக்கினார். இறங்கிய தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. "பிலிம் கதையைக் குடுத்தனான்தானே. அதை வைச்சுச் சிரிக்கட்டும். எல்லாத்தையும் குடுக்கோணுமோ?"

"நான் நினைச்சன், மறந்துபோச்செண்டு."

"போன் காசு," என்றார் அவர், கோபுரத்தைப் பார்த்தபடியே. "அண்டைக்கு ஏதும் நடந்திருந்தா உம்மையும் கொண்டெல்லோ மாட்டியிருப்பன். இப்பவும் சில நேரம் நினைச்சா நெஞ்சு அடிக்கும். மடையன்."

"நடக்காதெண்டு சொன்னனீங்கள்."

"எனக்கென்ன தெரியும்? உம்மட முகத்தைப் பாத்துச் சொன்னது."

எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று அன்றைக்குச் சொன்னீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாமா என்று அவள் நினைத்தாள். முப்பது வருடமாகக் கேட்க வைத்திருந்த கேள்வி. இப்போது அது கைக்கு வந்த இடத்தில் கனமாக இல்லை. இன்னொரு நாளைக்குக் கேட்கலாம். கேட்காமலும் விடலாம்.

"நடப்பமோ?" என்றார்.

நடந்தார்கள். ஒரு பைக்குள் இரண்டு கையோடு நடப்பது லேசில்லை. அவருடைய எட்டு நீளம், அவளுடையது கட்டை. இரண்டு தரம் இடறினார்கள். அவர் எட்டைக் குறைத்தார். முழங்கால் நோவைச் சாட்டி ஏதோ முணுமுணுத்தார்.

கோபுரத்தடியிலிருந்து ஜெயனி கையை ஆட்டினாள். "மாமா, மாமி, அப்பிடியே நில்லுங்கோ. இஞ்ச பாருங்கோ."

போனை உயர்த்திப் பிடித்தாள். காற்றில் நிரஞ்சனியின் மயிர் தொப்பிக்கு வெளியே வந்து நெற்றியில் விழுந்து கிடந்தது. ஒதுக்குவதென்றால் கையை எடுக்கவேண்டும். அவள் எடுக்கவில்லை.